இந்தியாவுக்குப் போன நண்டுப்பெட்டி

முதலில் ஒரு விடுகதை. கடையில் இருக்கும்போது அது கடைக்காரருடையது. காசு கொடுத்துக் கையில் வாங்கும்போது அது உங்களுடையது. வீட்டுக்குக் கொண்டுபோய் மின்சாரத்தில் கொழுவியதும் அது மறுபடியும் கடைக்காரருடையது. அது என்ன?

விடை உடனே தெரிந்துவிட்டதென்றால் நீங்களும் என்னைப்போல அடிபட்டவர்தான். ‘ஸ்மார்ட்’ சாமான்கள் விற்கும் ஷோரூமில் வாடிக்கையாளர் சேவை மேசை என்பது, விற்றவர் எழும்பிப் போன பிறகு வாங்கினவர் வந்து நிற்கும் இடம். மன்னார் பஸாரில் அப்படியொரு மேசைக்குப் பின்னால் நான் கொஞ்சக் காலம் இருந்தேன். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, கைதட்டினால் எரியும் விளக்கு, கதைத்தால் சுற்றும் காற்றாடி எல்லாம் அங்கே உண்டு. வந்தவர்கள் உட்கார்ந்து காத்திருக்க ஒரு நீலப் பிளாஸ்ரிக் கதிரையும் உண்டு. அதற்கு விலைச்சீட்டும் இல்லை, வயரும் இல்லை. நீங்கள் மேசைக்கு எந்தப் பக்கம் இருந்தவராயினும் சரி, கீழே வருவதில் ஒன்றாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

பெட்டி வந்த நாள்

எங்கள் கம்பனி ‘அறிவுப் பெட்டி’ என்று ஒன்றை இறக்கியது. மீனும் நண்டும் வைக்கிற குளிர்ப்பெட்டி. மூடியில் ஒரு சின்னத் திரை. உள்ளே ஒரு சிம், மின்சாரம் இல்லாத இடத்துக்கு ஒரு பற்றரி. பூட்டுக்குத் திறப்புக் கிடையாது, கைப்போனை அழுத்தித்தான் திறக்கவேண்டும். அறிமுக விழாவுக்குக் கொழும்பிலிருந்து எங்கள் மனேஜர் வந்தார். நல்ல மனிதர், நல்ல தமிழ், காலில் நல்ல சப்பாத்து. “இனிமேல் உங்கள் நண்டே உங்களோடு கதைக்கும்” என்றார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தலைமன்னாரிலிருந்து வந்த மெட்டில்டா அக்கா. கரையில் வலையிலிருந்து நண்டு கழட்டி விற்கிற பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. மத்தியானம் ஒரு லொறி வரும், நண்டை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகும். அந்த லொறிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருநாள் நண்டு பழுதாக இருந்தால் மறுநாள் அந்த வாடியில், அதாவது அந்தக் கரைக் கொட்டிலில், நிற்காது. போகிற வழியில் வேறு வாடிகள் நிறைய உண்டு. அந்தக் குழுவிலுள்ள அத்தனை வீடுகளின் அடுப்பும் அந்த லொறி நிற்பதில்தான் எரிந்தது.

மனேஜரிடமும் ஒரு சட்டம் இருந்தது. மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் செய்யவேண்டும். ஒவ்வொரு மாதமும் சேவைக்குக் காசு கட்டவேண்டும். பழைய பெட்டிகள் எல்லாவற்றையும் கம்பனியிடம் ஒப்படைத்துவிடவேண்டும். பழைய பெட்டி என்பது தடித்த வெள்ளை றெஜிபோம் பெட்டி. ஐஸை நிரப்பி மூடிக் கயிற்றால் கட்டுவார்கள், அவ்வளவுதான். புதிய பெட்டி காலை வாரினால் திரும்பிப் போக அதுவும் இருக்காது.

மெட்டில்டா அக்கா யோசித்துக்கொண்டிருக்கும்போது, மூன்றாம் வகுப்புப் படிக்கிற அவருடைய மகள் ஷெரின் ஷோரூமைச் சுற்றி வந்தாள். விளக்கு அவளுக்கு வணக்கம் சொன்னது. காற்றாடி பெயரைக் கேட்டது. கடைசியில் நீலக் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மிஸ், இது கதைக்குமா?”

“இல்லை, பிள்ளை.”

“அப்ப இதில இருக்கிறன்.”

மனேஜர் பேனையை நீட்டினார். மெட்டில்டா அக்கா அதை வாங்கவில்லை. “ஒரு பெட்டியை ஒரு மாசம் வைச்சுப் பாக்கிறம் சேர். எங்கட பழைய பெட்டியள் எங்களோடயே கிடக்கட்டும். நீங்கள் சொன்னதைக் கேட்டனாங்கள். இனி நண்டு சொல்லட்டும்.”

காற்றுக்கு மாதக்காசு

பாப்பாமோட்டையில் வயல் செய்கிற ஒரு ஐயா, தன்னுடைய காற்றாடியை உரப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டு வந்தார். வாங்கி ஒரு வருடம். அதுவரை புயல் மாதிரிச் சுற்றியது, இப்போது மாடு வாலை ஆட்டுகிற மாதிரி ஆடுகிறது என்றார். பழுது ஒன்றுமில்லை. இலவச சேவைக் காலம் முடிந்துவிட்டது. இனி மாதக்காசு கட்டினால்தான் வேகமாகச் சுற்றும். இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு வசனம் பழக்கியிருந்தார்கள். நானும் சொன்னேன்: “ஐயா, காற்று இலவசம். வேகம் மட்டும்தான் சேவை.”

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். வெளியே கச்சான் காற்று பஸாரின் தகரங்களையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தொழில்நுட்பவியலாளர் ரிஸ்வான் தேநீர் இடைவேளையில் அந்தக் காற்றாடியைப் பின்பக்கம் கொண்டுபோனான். அதன் மூளையைக் கழற்றி, சாதாரண சுவிட்ச் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தான். காற்றாடி மறுபடியும் புயலானது. ஐயா அதைப் பழையபடி உரப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்: “பிள்ளை, மன்னாருக்குள்ள வந்து காத்தை மாசக்காசுக்கு விக்கிறியள் எண்டா, உங்கட கம்பனிக்காரர் லேசுப்பட்ட ஆக்கள் இல்லை. அடுத்தமுறை வரேக்க கடல் தண்ணியும் கொண்டு வாங்கோ.”

அதிகம் பேர் வந்த கிளை

எங்கள் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும். யாராவது முன்னால் வந்து நின்றால் போதும். அதோடு, வந்தவர்களை எண்ணிக் கொழும்புக்கு அனுப்பும். ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. எல்லாக் கிளைகளிலும் மன்னாருக்குத்தான் அதிகம் பேர் வருகிறார்களாம். மனேஜர் கேக் அனுப்பினார். ஆனால் விற்பனை மட்டும் ஏன் கூடவில்லை என்று ஒரு கேள்வியும் கேக்கோடு வந்தது.

மன்னார் பஸாரைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் தெருக்களில் கழுதைகள் தம் பாட்டில் திரியும். வெயில் ஏறினால் அவை எங்கள் வாசலுக்கு வரும். கதவு திறக்கும், குளிர்காற்று முகத்தில் அடிக்கும், கதவு மூடும். ஓரடி பின்னால் போய் மறுபடியும் முன்னால் வரும். கதவு மறுபடியும் திறக்கும். ஒவ்வொரு தடவையும் கொழும்பில் ஒரு புதிய வாடிக்கையாளர். மனேஜருக்கு என்ன பதில் எழுதுவது என்று நான் கேட்டேன். கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரிஸ்வான் சொன்னான்: “எழுதுங்கோ மிஸ், வந்த ஆக்களில ஒருத்தரும் ஒண்டும் வாங்கேல்லத்தான். ஆனா ஒருத்தரும் முறைப்பாடும் சொல்லேல்ல.”

போகாத பயணத்துக்கு வந்த பில்

மெட்டில்டா அக்காவின் கணவர் சூசை அண்ணன் ஒரு காலை வந்து நீலக் கதிரையில் இருந்தார். போன் பில்லை மேசையில் வைத்தார். எங்கள் கம்பனி சிம்மும் விற்றது. அவர் இந்தியாவில் நின்று போன் பாவித்ததாகக் கட்டணம் போட்டிருந்தார்கள். “நான் கரையில இருந்து கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தனான்” என்றார். கொழும்பைக் கேட்டேன். “அவருடைய போன் இந்தியாவில்தான் இருந்திருக்கிறது” என்றார்கள்.

தலைமன்னார்க் கரையில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியப் போன் கோபுரத்தின் அலை தண்ணீரைக் கடந்து வந்து இந்தப் பக்கத்துப் போனைப் பிடித்துக்கொள்ளும். போன் தான் இந்தியாவில் நிற்பதாக நினைத்துவிடும். அதனால் அங்குள்ளவர்கள் கதைக்கவேண்டுமென்றால் கரையை விட்டு மாதா கோயில் மதிலுக்குப் பின்னால் போவார்கள். மதில் அந்தப் பக்கத்து அலையை மறைத்துவிடும். அப்படியும் போன் இந்தியாவை விடாவிட்டால் அதை அலுமினியச் சோற்றுப் பானைக்குள் போட்டு மூடிவிடுவார்கள். ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் இருந்தால், வெளியே எடுத்ததும் அது முதலில் சொந்தக் கோபுரத்தைத் தேடும்.

ரிஸ்வான் போனில் ஒரு அமைப்பை மாற்றி, அது இனிமேல் ஊர் தாண்டாதபடி செய்தான். நான் கொழும்புக்கு எழுதினேன்: “வாடிக்கையாளர் இந்தியாவுக்குப் போகவில்லை. இந்தியாதான் வாடிக்கையாளரிடம் வந்திருக்கிறது.” அதைப் படித்தவர் சிரித்தாரோ பயந்தாரோ தெரியாது, கட்டணத்தை நீக்கிவிட்டார். தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து ஊர் திரும்பியவர் சூசை அண்ணன். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “அங்க இருந்து ஊருக்கு வர நாங்கள் எத்தினை கந்தோர் ஏறி இறங்கினம் மிஸ்! இது ஒரு கடுதாசியும் இல்லாமப் போயிட்டு வருது. நியாயமாப் பாத்தா இதுதான் எனக்குக் காசு தரவேணும்.”

வாசலில் விருந்தாளி

மறிச்சுக்கட்டியிலிருந்து ஒரு காக்கா வந்தார். முசலிப் பக்கத்தில் முஸ்லிம் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். வில்பத்துக் காடு அவருடைய வேலிக்குக் கூப்பிடு தூரம். யானை வந்தால் முன்கூட்டியே சொல்லும் என்று விற்பனைக்காரர் சொன்னதை நம்பி எங்கள் ஸ்மார்ட் கமராவை வாங்கியிருந்தார். யானையை யானை என்று அடையாளம் காண்பதற்குத் தனிப் பொதி எடுக்கவேண்டும், தனி மாதக்காசு கட்டவேண்டும் என்பதை அந்த விற்பனைக்காரர் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன். காக்கா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. கமராவை மேசையில் வைத்தார். வேலிக் கம்பியில் தகரப்பேணிகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதாகவும், இப்போது யானை தொட்டால் ஊரே எழும்புகிறதென்றும் சொன்னார். காசைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார்.

காசு திருப்பிக் கொடுப்பதென்றால் காரணம் எழுதவேண்டும். என்ன நடந்தது என்று கேட்டேன். காசு மறுவாரமே வந்தது, ஏனென்றால் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: “பொழுதுபட மஃரிப் தொழுதிட்டு வாறன், யானை வாழைக்குள்ள நிக்குது. ஆக்களைக் கூப்பிட்டுக் கலைச்சு, வீட்ட வந்து தேத்தண்ணியும் குடிச்சு முடியத்தான் போன் அடிக்குது, ‘உங்கள் வாசலில் விருந்தாளி’ எண்டு. பொய் சொல்லக்கூடாது மிஸ், விருந்தாளிதான். வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுத்தான் போனார்.”

மிக நன்று

பெட்டியைக் கொடுத்த பிறகு, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து எழுத நானும் ரிஸ்வானும் தலைமன்னாருக்குப் போனோம். மெட்டில்டா அக்காவின் குழு அதைக் கோயில் மதிலுக்குப் பின்னால், ஓலைக் கொட்டிலில் வைத்திருந்தது. குளிர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா ஒரு நாள் நண்டையும் முழுதாக அதற்குள் நம்பி வைக்கவில்லை. கொஞ்சம் பெட்டியில், மிச்சம் றெஜிபோமில். “உங்களுக்கு நம்பிக்கை இல்லையா அக்கா?” என்றேன். “லொறி ஒருக்காக்கூட மன்னிக்காது பிள்ளை” என்றார்.

நாங்கள் போனபோது பெட்டி வெறுமையாக இருந்தது. திரையில், ‘உள்ளே இருப்பதன் தரம்: மிக நன்று’ என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. நான் ரிஸ்வானைப் பார்த்தேன். “அது குளிரை மட்டும்தான் பாக்குது மிஸ். நண்டு இருக்கோ இல்லையோ எண்டு அதுக்குத் தெரியாது” என்றான். இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஷெரின், மணலோடு தன்னுடைய செருப்பைக் கழற்றி உள்ளே வைத்து மூடினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கத்தினாள்: “அம்மா, என்ட செருப்பு மிக நன்றாம்! புதுசு வாங்கத் தேவையில்லையாம்!”

இந்தியாவுக்குப் போன பெட்டி

மாதத்தின் கடைசி நாள் மனேஜரே வந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிற படம் கொழும்புக்கு வேண்டுமாம். படத்தில் சிரிக்க என்னையும், பெட்டிக்குத் துணையாக ரிஸ்வானையும் கூட்டிப்போனார். ஓலைக் கொட்டிலைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். “பின்னால் கடல் தெரியவேண்டும்” என்றார். பெட்டியைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். “பெட்டி நிறைய நண்டும் வேண்டும். அந்தப் பழைய பெட்டி ஒன்றும் படத்தில் விழக்கூடாது” என்றார்.

மெட்டில்டா அக்கா தயங்கினார். “படம் எடுக்கிற நேரம் மட்டும்தான்” என்று மனேஜர் சொன்னார். அன்று நண்டு நல்ல பாடு, வலை நிறையப் பட்டிருந்தது. எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டிக்குள் போட்டார்கள். மூடி ‘டொக்’ என்று பூட்டிக்கொண்டது. கையெழுத்துக்கு முதல் பெட்டியோடு ஒரு படம் எடுத்தார்கள். நான் சிரித்தேன்.

“சரி, திறவுங்கோ” என்றார் அக்கா. “லொறி வரப்போகுது.”

ரிஸ்வான் போனை அழுத்தினான். மூடி அசையவில்லை. திரையில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. ‘இந்தச் சாதனம் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறியுள்ளது. பாதுகாப்புக்காகப் பூட்டப்பட்டுள்ளது.’ அதோடு, உள்ளே ஓடிக்கொண்டிருந்த குளிர் மோட்டாரும் நின்றுவிட்டது. களவு போன பெட்டிக்குக் குளிர் எதற்கு என்று கம்பனி நினைத்திருக்கவேண்டும்.

ஒரு மாதம் மதிலுக்குப் பின்னால் பத்திரமாக இருந்த பெட்டியைப் படத்துக்காகக் கரைக்குக் கொண்டுவந்தோம். கரையில் இந்தியக் கோபுரம் அதைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் இது ஒரே நேரத்தில் விளங்கியது. மனேஜருக்கு மட்டும் விளங்கவில்லை. உதவி இலக்கத்துக்கு அழைத்தார். மனிதர் யாரும் எடுப்பதில்லை. இயந்திரக் குரல் ஒன்றுதான் கதைக்கும். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

“உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது” என்றது அந்த இனிய குரல். “உங்கள் சாதனம் இந்தியாவில் இருக்கிறது. தயவுசெய்து இந்தியாவிலுள்ள எமது சேவை நிலையத்துக்கு நேரில் செல்லவும்.”

“நான் இந்தியாவில் இல்லை!” என்று மனேஜர் கத்தினார்.

“உங்கள் உணர்வை மதிக்கிறேன். நீங்கள் இந்தியாவில் இருக்கிறீர்கள்.”

பெண்களில் ஒருத்தி போனில் படம்பிடிக்கத் தொடங்கியிருந்தாள். “சேர், வள்ளம் தள்ளட்டோ?” என்று சூசை அண்ணன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மெட்டில்டா அக்கா சிரிக்கவில்லை. வெயில் பெட்டியின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு நாளின் நண்டு முழுவதும் கிடந்தது. அது கெட்டால் ஒரு நாள் உழைப்பு மட்டும் போவதில்லை, நாளைக்கு லொறியே நிற்காது.

“உடைக்கிறம்” என்றார் சூசை அண்ணன்.

“உடைத்தால் பெட்டியின் விலை உங்கள் தலையில்தான் விழும். நான் ஒன்றும் செய்ய முடியாது” என்றார் மனேஜர். பாவம், அதை மெதுவாகத்தான் சொன்னார்.

அக்கா மூடியைச் சுற்றி வந்தார். “தம்பி ரிஸ்வான், இதுக்குக் காது எங்க?”

ரிஸ்வான் திரைக்குப் பக்கத்திலிருந்த கறுப்புக் குமிழைத் தொட்டுக் காட்டினான். “இதுக்குள்ளதான் சிம், அக்கா.”

“ஞானம், அந்தக் கஞ்சிப் பானையை எடுத்தா!” என்று அக்கா குழுவில் ஒருத்தியைக் கூப்பிட்டார்.

கோயில் திருநாளில் கஞ்சி காய்ச்சுகிற பெரிய அலுமினியப் பானை உருண்டு வந்தது. அதைத் தலைகீழாக அந்தக் குமிழின் மேல் கவிழ்த்தார்கள். விளிம்பைச் சுற்றி, கருவாடு சுற்றும் அலுமினியத் தாளையும் அடைத்தார்கள். திரை கண்ணை மூடித் திறந்தது: ‘சமிக்ஞை இல்லை.’ “இந்தியாவை மறந்திட்டுது. தூக்குங்கோ!” என்றார் அக்கா. பானைக்கு ஒருத்தி, நான்கு மூலைக்கும் ஆட்கள், நடுவில் மனேஜர். ஆம், அவரும் தூக்கினார், அந்த நல்ல சப்பாத்துடன், முழங்கால்வரை மணலில் புதைந்து. மாதாவைத் தேரில் கொண்டுபோகிற மாதிரிப் பெட்டியைக் கோயில் மதிலுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். பானையை எடுத்தார்கள்.

திரை யோசித்தது. பிறகு பச்சை எழுத்து வந்தது: ‘இலங்கைக்கு நல்வரவு.’ மூடி ‘டொக்’ என்று திறந்தது.

அந்தக் கரையில் அப்படியொரு கூச்சலை நான் திருநாளில்கூடக் கேட்டதில்லை. அக்கா கையை உள்ளே விட்டார். ஒரு நண்டு அவருடைய விரலைக் கவ்வியது. “உயிரோட கிடக்கு!” என்று கத்தினார். வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை. நண்டு முழுவதும் கைமாறிக் கைமாறி றெஜிபோம் பெட்டிகளுக்குப் போனது. ஐஸ் விழுந்தது, கயிறு இறுகியது. லொறிச் சாரதி இறங்கி ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்தார். ஒன்றையும் ஒதுக்கவில்லை. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மனேஜர் மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கினார். பழக்கதோஷத்தில் பேனையை வெளியே எடுத்தார். மெட்டில்டா அக்கா அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அது பூட்டினது நண்டைக் காப்பாத்த இல்லை சேர், பெட்டியைக் காப்பாத்த. எங்களுக்கு நண்டைக் காப்பாத்திற பெட்டி போதும்.”

விரும்பியதை எடுக்கலாம்

அன்று பின்னேரமே அந்த வீடியோ கொண்டச்சிவரை போய்விட்டது. ‘நீங்கள் இந்தியாவில் இருக்கிறீர்கள்’ என்பதைப் பிள்ளைகள் தெருவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மறிச்சுக்கட்டிக் காக்கா எனக்கு அழைத்து, “மிஸ், எங்கட விருந்தாளியையும் அந்தப் பெட்டியில ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பேலுமோ?” என்று கேட்டார். கொழும்பு அறிவுப் பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டது. இனிமேல் பழைய பெட்டியை யாரும் ஒப்படைக்கத் தேவையில்லை என்றும் அறிவித்தது. பிறகு மனேஜருக்கு ஒரு கட்டளை வந்தது: மெட்டில்டாவின் குடும்பத்தைச் சந்தோஷப்படுத்து, படம் எடுத்து அனுப்பு.

மெட்டில்டா அக்காவும் ஷெரினும் ஷோரூமுக்கு வந்தார்கள். கதவு திறந்தது. அவர்களோடு ஒரு கழுதையின் தலையும் உள்ளே வந்தது. ரிஸ்வான் அதை மரியாதையாகத் திருப்பி அனுப்பினான். மனேஜர் குனிந்து நின்று, “ஷெரின், இந்த ஷோரூமுக்குள்ளே உனக்கு என்ன விருப்பமோ அதை எடு. கம்பனி தருகிறது” என்றார்.

ஷெரின் கதைக்கிற பொம்மைக்கு முன்னால் நின்றாள். “இது எனக்குத்தானோ?”

“உனக்குத்தான்.”

“பிறகும் காசு கட்டவேணுமோ?”

“முதல் வருடம் இலவசம்” என்றார் மனேஜர்.

“அதுக்குப் பிறகு?”

மனேஜர் என்னைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கும் எங்களுக்கு ஒரு வசனம் பழக்கியிருந்தார்கள். அதைச் சொல்லாமல், “கட்டவேணும், பிள்ளை” என்றேன். “கட்டாவிட்டா அது கதைக்காது.”

அவள் கைக்கடிகாரத்திடம் போனாள். அதே கேள்வி. விளக்கு, பாட்டுப்பெட்டி, படிப்புப் பலகை. எல்லாவற்றிடமும் அதே கேள்வி, எனக்கும் அதே பதில். மனேஜர் தடுக்கவில்லை, பாதியிலிருந்து அவரே, “அதற்கும் கட்டவேண்டும்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார். மெட்டில்டா அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஷெரின் கடையை ஒரு சுற்றுச் சுற்றி முடித்து, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றாள். புகைப்படக்காரர் கமராவைத் தூக்கினார்.

ஷெரின் நீலக் கதிரையை எடுத்தாள்.